ஊர் திரும்பி நின்றது

மதுரைக் கீழவெளி வீதியில் நம் தூய மரியன்னை பேராலயம் நிற்கிறது. அதே வீதியில், ஊர் மக்கள் இன்றும் ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்றே வழங்கும் கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையும் நிற்கிறது. முன்னது உரோமைத் திருச்சபையின் இல்லம். பின்னது அமெரிக்காவிலிருந்து வந்த சீர்திருத்த மரபினர் இந்நகருக்கு விட்டுச்சென்ற பிணி தீர்க்கும் மனை. அந்த மருத்துவமனையில் பிறந்து இந்தப் பேராலயத்தில் திருமுழுக்குப் பெற்றவர்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் அவர்கள் எதை நம்பினார்கள், எந்த நம்பிக்கை அவர்களை இவ்வளவு தொலைவு கொண்டுவந்து சேர்த்தது என்று நாம் கேட்டதுண்டா? ஒரே வீதியில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அண்டை வீட்டாராக வாழ்ந்தும், அடுத்த வீட்டின் உள்ளறையை அறியாதவர்களாகவே இருந்துவிட்டோம்.

வெளி வீதிகள் பிறந்த கதையே சிந்தனைக்குரியது. பழைய மதுரையைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் காலத்தில் மதில் இடிக்கப்பட்டது; அகழி தூர்க்கப்பட்டது; அங்கே வீதிகள் எழுந்தன. காவல் என்று கருதிக் கட்டப்பட்ட சுவர் நகர் வளர்ந்தபோது தடையாயிற்று. கிறிஸ்தவர்களிடையே எழுந்திருந்த மதில்களில் ஒன்றும் இதே மதுரையை ஒட்டிய சமவெளியில் ஓரளவு இடிந்தது. அவ்வரலாற்றில் முன்னிற்பவர் லெஸ்லி நியூபிகின். ஆயர்களே இல்லாத ஒரு சபை மரபில் வளர்ந்து, மதுரையில் ஆயராக அமர்ந்தவர் அவர். நம் சபையைச் சாராத ஒருவரின் கதை நமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். படித்து முடித்தபின் அக்கேள்விக்கு அவர்களே விடை காண்பார்கள் என்று நம்புகிறோம்.

ஒரே சமவெளியில் இரு பணிகள்

மதுரையில் நற்செய்தி வேரூன்றிய வரலாறு நம்மவர் அறிந்ததே. 1595இல் கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் இங்கு வந்தார். 1606இல் வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயருடன் துறவியாய் வாழ்ந்து, இந்நாட்டு மொழியிலும் மரபிலும் நற்செய்தியை எடுத்துரைத்தார். 1693இல் புனித அருளானந்தர் ஓரியூரில் இரத்தம் சிந்தினார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் இப்பணி தளர்ந்தது. மீட்டெழுந்த இயேசு சபையின் பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் 1838இல் வந்து அதற்குப் புத்துயிர் அளித்தனர்.

அவர்கள் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1834இல், யாழ்ப்பாணத்திலிருந்து வில்லியம் டாட், ஹென்றி ஹாய்சிங்டன் என்னும் இரு அமெரிக்கப் போதகர்கள் தமிழ்த் துணைவர் மூவருடன் மதுரை வந்து சேர்ந்திருந்தனர். 1810இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்று, 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்த ‘அமெரிக்கன் போர்டு’ அவர்களை அனுப்பியது. பசுமலையில் 1845 முதல் குருத்துவக் கல்விக்கூடம் நடத்தியவர்களும், அங்கேயே 1881இல் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியவர்களும் இவர்களே. பின்னர் நகருக்குள் வந்த அக்கல்லூரிதான் அமெரிக்கன் கல்லூரி. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் நிறுவிய லேடி டோக் கல்லூரியும் அதே பணியின் கிளை.

இவ்வாறு நான்காண்டு இடைவெளியில் இரு பணிகள் ஒரே சமவெளியில் கால் ஊன்றின. ஒரே வறட்சியையும் ஒரே காலராவையும் கண்டன. ஒரே ஏழை மக்களை அணுகின. ஆயினும் ஒன்றையொன்று உடன்பிறப்பாகக் கருதவில்லை. அவர்களுக்கு நாம் மூடநம்பிக்கையில் மூழ்கியவர்கள். நமக்கு அவர்கள் பதிதர். ஊர்ப்புறத்துக் குடும்பங்கள் இவ்விரு வேலிகளுக்கும் இடையே போவதும் வருவதுமாக இருந்தன. ஒருவர் இழந்ததை மற்றவர் ஆதாயக் கணக்கில் எழுதிக்கொண்டனர்.

சாதியின்முன் இரு பணிகளும் இரு வழிகளை மேற்கொண்டன. பழைய மதுரைப் பணியில் உயர்குலத்தோர்க்குத் தனிக் குருக்களும், ஏனையோர்க்குப் பண்டாரசாமிகளும் இருந்தனர். சாதியை அன்றைய சமூக ஒழுங்கு என்று கருதி, அதனூடே நற்செய்தியைக் கொண்டுசெல்ல நம் முன்னோர் முயன்றனர். அமெரிக்கப் பணியாளரோ 1847இல், சாதியைக் கைவிடாதவர்க்குச் சபையில் இடமில்லை என்று கண்டிப்பாக நின்றனர். பிற சாதியார் சமைத்த உணவை உடனமர்ந்து உண்பதையே அதற்குச் சோதனையாக வைத்தனர். அதனால் பலரை இழந்தனர். நம்முடைய பொறுமை சாதியைக் கோயிலுக்குள்ளேயே குடியமர்த்தியது. அவர்களுடைய கண்டிப்போ அதை வாசலில் நிறுத்தியதாக எண்ணியது. அது பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிட்டது. இரு வீட்டாரும் இன்றளவும் இதற்காகத் தலைகுனிய வேண்டியவர்களே.

சீர்திருத்த மரபு என்பது யாது?

பிராட்டஸ்டண்டார் அனைவரும் ஒரே வகையினர் என்று நம்மில் பலர் கருதுகிறோம். அது சரியன்று. 1706 முதல் தரங்கம்பாடியில் பணியாற்றியவர்கள் லூத்தரின் வழியினர். மதுரைக்கு வந்த அமெரிக்கரோ ஜெனிவா நகரின் ஜான் கால்வின் வழியில் வந்த சீர்திருத்த மரபினர். கால்வின் 1509இல் பிறந்து 1564இல் மறைந்தவர். அவருடைய பெருநூல் 1536இல் சிறியதாகத் தோன்றி, 1559இல் முழுமை பெற்றது. அனைத்தும் ஆண்டவருடைய மாட்சிக்கே. மனிதன் தேடிச் சேருமுன்பே இறையருள் அவனைத் தேடி வருகிறது. இறைவார்த்தையே திருச்சபையை நடுவராக நின்று தீர்ப்பிடுகிறது என்பன இம்மரபின் உயிர்நாடிகள். ஆட்சிமுறையில் இவர்கள் ஆயர்களை ஏற்கவில்லை. பிரெஸ்பிட்டேரியர் மூப்பர்களின் மன்றங்களாலும், மதுரை வந்த காங்கிரிகேஷனலார் ஒவ்வொரு சபையின் தன்னாட்சியாலும் தம் திருச்சபையை நடத்தினர்.

கால்வினைப் பற்றி நாம் அறியாத செய்திகள் இரண்டு. புனித சிப்ரியானைப் பின்பற்றி, திருச்சபை நம்பிக்கையுடையோரின் தாய் என்று அவரும் போதித்தார். ஆண்டவரின் திருவிருந்து வாரந்தோறும் நடைபெறவேண்டும் என்று விரும்பினார். ஜெனிவா நகர மன்றமே அதை ஆண்டுக்கு நான்கு முறையாகச் சுருக்கிற்று. எனவே இம்மரபு திருச்சபையையும் அருட்சாதனங்களையும் வேண்டாமென்று தூக்கி எறிந்ததாக எண்ணுவது வரலாறாகாது. வேறுபாடு இல்லை என்றும் சொல்லக்கூடாது. திருப்பலியின் பலித்தன்மை, குருத்துவம், பேதுருவின் வழிவருவோரின் பணி ஆகியவற்றில் நமக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள பிளவு உண்மையானது, இன்னும் தீராதது.

இம்மரபில் மிகுதியாகச் சர்ச்சைக்கு உள்ளானது தேர்ந்துகொள்ளல் என்னும் கோட்பாடு. மீட்படைய வேண்டியவர்களை ஆண்டவர் முன்குறித்தார் என்பது அதன் சாரம். 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய மன்றம் அதைக் கூர்மையான விதிகளாக வரையறுத்தது. இன்று உலகெங்கும் இவாஞ்செலிக்கல் சபைகளின் இளைஞர் பலர் அவ்விதிகளை மீண்டும் ஆர்வத்துடன் படிக்கின்றனர். தமிழ்நாட்டிலும் இந்நாட்டம் தென்படுகிறது. உணர்ச்சிப் பெருக்கான கூட்டங்களில் சலிப்புற்றவர்க்கு, அசையாத பாறை போன்ற ஒரு போதனை ஆறுதலாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அப்போதனை, ‘நாங்கள் தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள், நீங்கள் அல்லர்’ என்று சொல்லும் பெருமையாகவும் மாறக்கூடும். இவ்விடத்தில்தான் மதுரைச் சமவெளி இம்மரபுக்கு ஒரு பாடம் கற்பித்தது.

1947 செப்டம்பர் 27

1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் நடந்தது. கூடிய முப்பத்துமூவருள் இருவர் தவிர அனைவரும் இந்தியர். ஆங்கிலிக்கன் ஆயர் வே. ச. அசரியாவும், சீர்திருத்த மரபுச் சபைகள் 1908இல் இணைந்து அமைத்த தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த சந்தியாகு ஐயரும் அதை முன்னின்று கூட்டினர். தங்களைப் பிரிக்கும் சுவர்கள் தாங்கள் கட்டியவை அல்ல, ஐரோப்பாவின் பழைய சண்டைகள் கப்பலேறி வந்தவை என்று அவர்கள் கண்டனர். இயேசு தம் பாடுகளுக்கு முன்னிரவில், உலகம் நம்பும்படித் தம் சீடர் ஒன்றாய் இருக்கவேண்டுமென மன்றாடியதை அவர்கள் வெறும் பக்திச் சொல்லாகக் கொள்ளவில்லை. பிளவுபட்ட சபை எடுத்துரைக்கும் நற்செய்தியை ஊரார் எவ்வாறு நம்புவர் என்பதே அவர்களுடைய கவலை.

இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நீடித்தது. அசரியா 1945இல் மறைந்தார், பலனைக் காணவில்லை. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அதில் இணைந்தன; இணைந்த மக்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம். திருத்தூதர் வழிவந்ததாக ஆங்கிலிக்கன் திருச்சபை போற்றும் ஆயர் ஆட்சியைச் சீர்திருத்த மரபினர் ஏற்றனர். அதற்குமுன் ஆயர் கைவைத்துப் பட்டம் பெறாத போதகர்களின் பணியை ஆங்கிலிக்கன் மரபினர் மதித்து ஏற்றனர். எந்தச் சபையாரின் மனச்சான்றுக்கும் ஒவ்வாத போதகரை அவர்கள்மேல் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியும் தரப்பட்டது.

இரு பக்கமும் எதிர்ப்பு எழுந்தது. இங்கிலாந்தில் கவிஞர் டி. எஸ். எலியட் 1943இலேயே இத்திட்டத்தைக் கண்டித்துச் சிறுநூல் எழுதினார். ஆயர் என்ற சொல்லையே கேட்க விரும்பாத சீர்திருத்த மரபினர் பழைய அடிமைத்தனம் திரும்புவதாக அஞ்சினர். அன்று புதிதாகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆயர்களுள் ஒருவர் முப்பத்தேழு வயதான நியூபிகின். அவருக்கு மதுரை-இராமநாதபுரம் மறைமாவட்டம் ஒப்படைக்கப்பட்டது.

1909இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்த நியூபிகின், கேம்பிரிட்ஜில் கற்றவர். மாணவப் பருவத்தில், வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றியபோது, விண்ணையும் மண்ணையும் இணைத்து நிற்கும் சிலுவையின் காட்சி தம் உள்ளத்தில் எழுந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். 1936இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மறைபணியாளராக, துணைவியார் ஹெலனுடன் தமிழகம் வந்தார். காஞ்சிபுரத்தில் இருந்தபோது இராமகிருஷ்ண மடத்தில் அமர்ந்து, அங்குள்ளோருடன் உபநிடதத்தையும் யோவான் நற்செய்தியையும் மாறி மாறிப் படித்தார். தமிழைப் பேசமட்டுமன்றி, அதில் சிந்திக்கவும் எழுதவும் பயின்றார்.

அமெரிக்கப் பணியில் வளர்ந்த மதுரைச் சபைகள் நூறாண்டுகளுக்குமேல் ஆயர் இன்றி வாழ்ந்தவை. இராமநாதபுரப் பகுதியின் ஆங்கிலிக்கன் சபைகளுக்கோ ஆயர் இல்லாத திருச்சபை என்பதே விளங்காது. இவ்விருவரும் ஒரே மந்தையாயினர். மேய்ப்பராக வந்தவரோ, தாமே அதுவரை ஆயர் இல்லாத சபையில் வாழ்ந்தவர்.

அதே நகரில் நமக்கும் ஆயர் இருந்தார். 1938இல் மதுரை தனி மறைமாவட்டமானபோது ஆயரான ஜான் பீட்டர் லெயோனார்டு ஆண்டகை, 1953இல் அது உயர்மறைமாவட்டமானபோது முதற்பேராயரானார். ஆக, ஒரே நகரில் இரண்டு ஆயர்கள். இருவரும் ஒரே ஊர்ப்பாதைகளில் புழுதியில் பயணம் செய்தவர்கள். ஆனால் பிற சபையாரின் வழிபாட்டில் பங்குகொள்ளலாகாது என்பது அன்றைய நம் ஒழுங்கு. அவர்களுடைய கோயில் வாசலில் நிற்பதையே பாவமென்று எண்ணிய பாட்டிமார் நம் இல்லங்களில் இருந்தனர்.

கிராமத்தில் கற்ற இறையியல்

தமிழகத்தில் ஆயராகப் பணியாற்றிய நாள்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நியூபிகின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அவருடைய மறைமாவட்டத்தில் எளிதில் போய்ச் சேரமுடியாத கிராமம் ஒன்று. ஆற்றைக் கடந்துதான் போகவேண்டும். ஊரின் தென்புறமாகவும் கடக்கலாம், வடபுறமாகவும் கடக்கலாம். ஆயர் தென்புறமாக வருவார் என்று சபையார் முடிவு செய்தனர். வாத்தியம், வாணவேடிக்கை, மாலை, பழம், சிலம்பம் என்று ஒரு தமிழ்க் கிராமம் தரக்கூடிய வரவேற்பு முழுவதும் தென்புறத்தில் காத்து நின்றது. ஆயரோ வடபுறமாக ஊருக்குள் வந்துவிட்டார். அங்கே அவரை எதிர்கொண்டவை சில ஆடுகளும் கோழிகளுமே! செய்தி தென்கோடிக்குப் பறந்தது. ஆயர் சற்று மறைந்து நிற்க, ஊர் முழுவதும் திரும்பி வடக்கு நோக்கி நின்றது. பின்பு அவர் முறைப்படி ‘வந்தார்’.

மனமாற்றம் என்று நற்செய்தி சொல்வது இதையே என்று நியூபிகின் விளக்கினார். இயேசு கலிலேயாவில் இறையாட்சி நெருங்கிவிட்டது என்று அறிவித்தபோது மக்கள் காத்திருக்கவில்லை என்று சொல்லமுடியாது. மாலையோடு காத்திருந்தார்கள், ஆனால் வேறு திசையை நோக்கிக் காத்திருந்தார்கள். இறையாட்சி வாசலுக்கே வந்திருந்தது. முகம் திரும்பாததால் அதைக் காணவில்லை. மனமாற்றம் என்பது செய்த குற்றங்களுக்கு வருந்துவதோடு நிற்பதன்று. ஆண்டவர் வரும் திசைக்கு, தனி மனிதராக மட்டுமன்றி ஊராகவே திரும்புவது அது.

சீர்திருத்தம், புதுப்பித்தல் என்னும் பெரிய சொற்களுக்கு இதைவிட எளிய விளக்கம் நாம் அறியோம். திருந்திய திருச்சபை எந்நாளும் திருந்திக்கொண்டே இருக்கவேண்டும் என்பது சீர்திருத்த மரபினரின் பழமொழி. இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, 1964 நவம்பர் 21 அன்று ஒரே நாளில் வெளியிட்ட இரு ஏடுகளில் இதையொட்டிய உண்மையைச் சொன்னது. பயணம் செய்யும் திருச்சபை இடைவிடாத சீர்திருத்தத்துக்கு அழைக்கப்பட்டது என்று கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏடும், திருச்சபை புனிதமானதாயினும் எப்போதும் தூய்மை பெறவேண்டியது என்று திருச்சபை பற்றிய ஏடும் போதித்தன. தென்கோடியில் ஒருவரும் வடகோடியில் மற்றவருமாக நான்கு நூற்றாண்டுகள் மாலையோடு நின்றுவிட்டோம்.

கிராமங்கள் அவருக்கு மற்றொன்றையும் கற்பித்தன. ஊர்ச் சபைகளில் பட்டம் பெற்ற போதகர் குறைவு; எழுத்தறிந்தோரும் குறைவு. நம்பிக்கையைக் காத்து வளர்த்தவர்கள் ஊர் உபதேசியார்களும், சம்பளம் வாங்காத பொதுநிலையினருமே. அவர்களுக்கென்று பாவத்தையும் மீட்பையும் பற்றி அவர் முதலில் தமிழில் ஒரு நூல் எழுதினார். 1956இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது அதன் மொழிபெயர்ப்பே. மேல்நாட்டில் எழுதித் தமிழில் பெயர்ப்பது வழக்கம். மதுரையில் அவ்வழக்கம் தலைகீழாயிற்று.

எதற்காகத் தேர்ந்துகொள்ளப்பட்டோம்?

தேர்ந்துகொள்ளல் என்னும் கோட்பாட்டை நியூபிகின் கைவிடவில்லை, புதிதாகப் புரிந்துகொண்டார். பாசல் நகரின் கார்ல் பார்த்தும் அதே மரபுக்குள் நின்று, தேர்ந்துகொள்ளப்பட்டவர் முதலில் கிறிஸ்துவே என்று 1942இல் விரிவாக எழுதியிருந்தார். நியூபிகினின் சிந்தனை விவிலியத்தின் போக்கை ஒட்டிச் செல்கிறது. ஆண்டவர் ஆபிரகாமை அழைத்தது ஆபிரகாம் ஒருவருக்காக அன்று. உலகின் எல்லாக் குடும்பங்களும் அவர் வழியாக ஆசி பெறுவதற்காக. ஒரு சிலரைத் தேர்ந்துகொள்வது மற்றவரைத் தள்ளிவிடுவதற்காக அன்று, அவர்களிடம் அனுப்புவதற்காகவே. தேர்வு ஒரு பதவியன்று, சுமை.

ஆண்டவர் ஏன் ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் நேரடியாகப் பேசிவிடக்கூடாது? மனிதர் ஒருவரையொருவர் சார்ந்து வாழவே படைக்கப்பட்டவர்கள். ஆகவே மீட்பின் கொடையும் அடுத்தவர் கையிலிருந்தே நம்மை வந்தடைகிறது. அதைப் பெறவேண்டுமானால் நம் கதவைத் திறந்து, ஆண்டவர் அனுப்பிய அயலாரை உள்ளே ஏற்கவேண்டும். இக்கருத்தை அவர் 1989இல் வெளிவந்த தம் நூலில் ஒரு முழு அதிகாரமாக விரித்தார். தூதுவரை ஏற்காமல் செய்தியை மட்டும் பெறமுடியாது என்பது அதன் சாரம்.

இதைச் சாதியின்முன் வைத்துப் பாருங்கள். இயேசுவின் நற்செய்தியை நமக்குக் கொண்டுவரும் அயலார், ஊர் எந்தத் தெருவில் ஒதுக்கி வைத்ததோ அந்தத் தெருவிலிருந்து வரலாம். அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர், அவர் வழியாக வரும் மீட்பை எவ்வாறு வாங்குவார்? ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் தனிப்பகுதி கேட்கும் கிறிஸ்தவர் தம்மைத் தேர்ந்துகொள்ளப்பட்ட இனம் என்று அழைத்துக்கொள்வது எப்படிப் பொருந்தும்? கால்வினின் கோட்பாடும் நொபிலியின் பணிமுறையும் மதுரைச் சமவெளியில் இக்கேள்விக்குத்தான் விடை சொல்லியாக வேண்டும்.

மூன்று ஓடைகள்

1952இல் கிளாஸ்கோ நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளை நியூபிகின் அடுத்த ஆண்டு நூலாக வெளியிட்டார். நாம் கிறிஸ்துவோடு இணைக்கப்படுவது எவ்வாறு என்பதே அந்நூலின் கேள்வி. நற்செய்தியைக் கேட்டு நம்புவதால் என்கிறது பிராட்டஸ்டண்டு மரபு. வரலாற்றில் அறுபடாது தொடரும் திருச்சபையின் அருட்சாதன வாழ்வில் பங்குகொள்வதால் என்கிறது கத்தோலிக்க மரபு. தூய ஆவியாரைப் பெற்று அவரில் நிலைத்திருப்பதால் என்கிறது பெந்தெகொஸ்து மரபு. மூன்றும் உண்மை, ஒன்று மற்ற இரண்டையும் தள்ளிவிட்டுத் தானே முழுமை என்னும்போது பிழையாகிறது. பெந்தெகொஸ்து இயக்கத்தைப் படித்தவர்கள் ஏளனமாகப் பார்த்த காலத்தில், அதற்குச் சமமான இடம் அளித்த துணிவு வியப்புக்குரியது.

திருத்தூதர் பவுல் எபேசு நகரில் சில சீடரைக் கண்டபோது, நம்பிக்கை கொண்ட வேளையில் தூய ஆவியாரைப் பெற்றீர்களா என்று வினவினார். இன்று அவருடைய வழிவந்தோர் வேறு கேள்விகளைக் கேட்பதாக நியூபிகின் சுட்டினார். ‘நாங்கள் போதிப்பதை அப்படியே நம்பினீர்களா?’ என்கிறார் ஒருவர். ‘உங்கள்மேல் வைக்கப்பட்ட கைகள் எங்கள் கைகள்தாமா?’ என்கிறார் மற்றவர். விடை சரியாயிருந்தால், ஆவியாரைப் பெற்றதாக வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் தேற்றுகின்றனர். இக்குத்தல் நம்மையும் தைக்கிறது.

இந்நூல் வந்து பதினோராண்டுகளில் வத்திக்கான் சங்கம் நம் சன்னல்களைத் திறந்தது. இறைவார்த்தைக்குத் திருவழிபாட்டில் உரிய இடம் மீண்டது. 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய அருங்கொடை இயக்கம் நம் பங்குகளுக்கும் வந்தது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் நம் கைக்கு வந்தது. எந்தச் சொல் யாருடைய வேதம் என்று சண்டையிட்டவர்களின் பேரர், ஒரே மேசையில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தனர். 1999இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஒப்பமிட்ட, இறைவனுக்கு ஏற்புடையோராதல் பற்றிய கூட்டறிக்கையில், 2017 ஜூலை 5 அன்று சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பும் விட்டன்பர்க் நகரில் இணைந்தது. அருளாலேயே மீட்பு என்பது நம் இரு வீட்டாரின் பொது அறிக்கையாயிற்று.

பேருந்தில் திரும்பிய ஆயர்

நியூபிகின் 1959இல் மதுரையை விட்டு உலக அளவிலான மறைபரப்புப் பொறுப்புக்குச் சென்றார். 1965இல் சென்னை ஆயராகத் திரும்பினார். 1974இல் ஓய்வு பெற்றபோது, அவரும் ஹெலன் அம்மையாரும் இரண்டு பெட்டிகளோடும் ஒரு முதுகுப் பையோடும் கிடைத்த பேருந்துகளில் ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தனர். அங்கே அவர் கண்டது தாம் விட்டுவந்த நாடன்று. காஞ்சியிலும் மதுரையிலும் நற்செய்தியைக் கேட்க மறுத்தவர்கூட மரியாதையுடன் மறுத்தனர். இங்கிலாந்திலோ அதை யாரும் பொருட்படுத்தவே இல்லை. ஐரோப்பாவே இப்போது மறைபணிக்குரிய நாடு என்று அவர் உணர்ந்தார். பர்மிங்காம் சிறைச்சாலைக்கு எதிரே, மூடப்படவிருந்த ஒரு சிறு சீர்திருத்த சபையின் போதகராகத் தம் முதுமையைச் செலவிட்டார். ஆயராயிருந்தவர் ஆயரில்லாத சபையில் மீண்டும் எளிய போதகரானார்.

அக்காலத்தில் அவர் எழுதிய நூல்கள், குறிப்பாக 1983க்குப் பின் வந்தவை, மேல்நாட்டு இவாஞ்செலிக்கல் சபைகளை உலுக்கின. நியூயார்க் நகரில் பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபையைக் கட்டியெழுப்பி 2023இல் மறைந்த திமோத்தி கெல்லரும் அவரிடம் கற்றதைப் பலமுறை நன்றியுடன் சொன்னவர். நம்புகிற ஒரு சபையின் வாழ்வே நற்செய்திக்குச் சரியான விளக்கவுரை என்பது நியூபிகினின் முடிவு. அதை அவர் முதலில் கற்ற பள்ளி மதுரைச் சமவெளியின் கிராமங்களே. 1998 ஜனவரி 30 அன்று அவர் மறைந்தார்.

அவர் கட்ட உதவிய ஒன்றிப்பு நிறைவானதன்று. தேர்தல் பூசலும் சொத்து வழக்கும் அதை வாட்டுவதாக அச்சபையின் அன்பர்களே வருந்துகின்றனர். ஒரு மதில் இடிந்தால் எல்லா மதில்களும் இடிந்ததாகாது. நம் வீட்டின் விரிசல்களை அறிந்த நாம் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

நம் குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். கத்தோலிக்கராய்ப் பிறந்த தம்பி ஒருவர் ஞாயிறு காலை திருப்பலியை விட்டு, ஊர்க்கோடியில் தகரக் கொட்டகையிட்ட ஜெபக்கூடத்துக்குப் போகிறார். தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்த மருமகள் நம் வீட்டு விளக்கேற்ற வருகிறாள். தம்பியை ‘போய்விட்டான்’ என்று துக்கம் விசாரிக்கிறோம்; மருமகளை ‘திருந்தி வரட்டும்’ என்று காத்திருக்கிறோம். அந்தத் தம்பி நம்மிடம் எதைத் தேடிக் கிடைக்காமல் அங்கே போனான் என்று கேட்கிறோமா? இறைவார்த்தைக்கு ஏங்கினானா? தன் பெயரைச் சொல்லி யாரேனும் மன்றாட வேண்டுமென ஏங்கினானா? அந்த மருமகள் சிறுவயது முதல் மனப்பாடமாக வைத்திருக்கும் திருப்பாடல்களை நம் வீட்டு மாலைச் செபத்தில் ஒருநாளேனும் சொல்லச் சொன்னோமா? நம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. நற்கருணையை நாம் பெற்ற கொடையாகக் காப்போம். ஆனால் கொடை பெற்றவன் அதை வாங்கிய கையோடு கதவைச் சாத்திக்கொள்வது முறையன்று.

ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் நாமும் அவர்களும் ஒன்றாகக் கூடுகிறோம். பெரும்பாலும் குருக்களும் துறவியரும் வருகின்றனர், பொதுநிலையினர் சிலரே. இவ்வாண்டு நாம் குடும்பமாகப் போவோம். கீழவெளி வீதியில் அந்த மருத்துவமனையைக் கடக்கும்போது, முன்பின் அறியாத நம் அன்னையருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த அந்தக் கைகளுக்காக ஒரு நொடி நின்று நன்றி சொல்வோம். ஆண்டவர் எந்தப் புறமாக ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறார் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. செய்தி வரும்போது, மாலையைக் கீழே போடாமல், அதை ஏந்தியபடியே திரும்பி நடக்க ஆயத்தமாயிருப்போம்.